முதலில் தோல், பிறகுதான் சாப்பாடு

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் இளம் தாய், தன் இரண்டு வயது மகளின் கரப்பானுக்காகத் தோல் மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் போய்வந்தபோது, அவர்கள் சொன்னதைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துவைத்தாள். ஒரே பக்கம். டாக்டர் பேசும் வேகத்துக்கு எழுதியதால் வேண்டாத சொல் ஒன்றுகூட இல்லை. படித்ததும் இதற்கு ஓர் உரை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் கரப்பான் வந்த குழந்தைகளின் வீடுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. பால், முட்டை, கோதுமை, கடலை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். தோல் அப்படியே இருக்கிறது, குழந்தை மெலிகிறது. அந்தத் தாயின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு, அவள் எழுதிய வரிசையிலேயே உரை சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. கரப்பான் என்று இங்கே சொல்வது, மருத்துவர்கள் எக்ஸிமா என்றும் அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்றும் எழுதுவதை. கைக்குழந்தைக்குக் கன்னத்தில் தொடங்கும்; வளர வளர முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம் என்று இடம் மாறும். வறண்டு, சிவந்து, ராத்திரியில் அரிக்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. வீட்டில் எல்லோருக்குமே ராத்திரியில் அரிப்பெடுத்து, விரலிடுக்கில் பொரிப்பொரியாக இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும் எங்கள் பகுதியில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

“முதலில் தோல். பிறகுதான் சாப்பாடு.”

முதலில் என்றது, சாப்பாட்டின்மேல் பழி போடுவதற்கு முன் தோலைச் சரியாகப் பராமரித்துப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக. கரப்பானில் தோலின் அரணே பழுதுபட்டிருக்கிறது. மேல்தோலை உறுதியாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை உள்ளவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்பதை 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரண் பழுதானால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும். வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே வரும். அதைக் கவனிக்காமல் முட்டையை மட்டும் நிறுத்தி என்ன பயன்?

ஆகவே குளிப்பாட்டித் துடைத்த கையோடு, தோலில் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூச வேண்டும். சிவந்த இடத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு, அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை. ஸ்டீராய்டு என்ற பெயருக்கே பயந்து மெலிதாகத் தொட்டுத் தடவிவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்பவர்கள் உண்டு. மெடிக்கலில் தாங்களே கேட்டு, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூபை வாங்கி மாதக்கணக்கில் பூசுகிறவர்களும் உண்டு. இரண்டாலும் கெடுதல் குழந்தைக்குத்தான்.

இந்த வரிக்குப் பக்கத்தில் வேறு மையில் “கடலைமாவு ஸ்டாப்” என்று எழுதியிருக்கிறாள். சின்னக் குறிப்பு, பெரிய விஷயம். லண்டன் மருத்துவர் கிடியன் லாக் தன் குழுவினரோடு 2003இல் வெளியிட்ட ஆய்வில், நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைத் தோலில் பூசிய குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை அதிகமாகத் தெரிந்தது. வாய் வழியாக வரும் உணவுக்கு உடம்பு பழகிக்கொள்கிறது. வெடித்த தோல் வழியாக வரும் அதே உணவை எதிரியாக நினைத்துக்கொள்கிறது என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. நம் வீடுகளில் குழந்தைக்குக் கடலைமாவும் பயத்தமாவும் தேய்க்கிறோம், பாலாடை தடவுகிறோம். கசியும் தோலில், புண்பட்ட தோலில் உணவுப்பொருள் எதுவும் வேண்டாம். வாயில் கொடுக்கப் பயந்து நிறுத்தியதை உடம்பில் தேய்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு முரண்!

“ரத்த டெஸ்ட்டில் வந்ததெல்லாம் அலர்ஜி இல்லை.”

இந்தப் பக்கத்தின் உயிர்நாடி இந்த வரி. டாக்டரிடம் போவதற்கு முன்பே ஒரு லேபில் ரத்தம் கொடுத்து, நீளமான ஒரு பட்டியலை வாங்கி வைத்திருந்தார்கள். பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, துவரம்பருப்பு, கத்திரிக்காய் எல்லாவற்றுக்கும் எதிரே ‘பாசிட்டிவ்’. பட்டியலைப் பார்த்த அன்றே எல்லாம் நின்றுபோயின. மிஞ்சியது அரிசிக் கஞ்சியும் உருளைக்கிழங்கும்.

அந்தச் சோதனை தேடுவது ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தை. அது ரத்தத்தில் இருப்பது, உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. சாப்பிட்டால் தொந்தரவு வருமா என்பது தனிக் கேள்வி. இதற்கு எங்கோ அமெரிக்காவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் கர்நாடகத்திலேயே இருக்கிறது. யூரோப்ரிவால் என்ற பன்னாட்டு ஆய்வின் பகுதியாக மைசூரு ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பி.ஏ. மகேஷும் சக ஆய்வாளர்களும் இந்த மாநிலத்துப் பெரியவர்களைப் பரிசோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேரின் ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஈ இருந்தது. உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று சொல்லத்தக்கவர்கள் நூற்றுக்கு 1.2 பேர்தான். இதே திட்டத்தில் சீனா, ரஷ்யா, இந்தியா மூன்று நாட்டுப் பள்ளிக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2020இல் எழுதினார்கள். இந்தியக் குழந்தைகளிடம்தான் உணவு ஒவ்வாமை மிகக் குறைவு: 0.14 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் கரப்பானுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை’ என்று முடிவுகட்டுவதும் தவறு. மேலே சொன்ன எண்கள் பொதுவான மக்கள்தொகையைப் பற்றியவை. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகளின் கதை வேறு. அமெரிக்காவில் ஹ்யூ சாம்ப்சன் 1985இல் வெளியிட்ட ஆய்வில், கடும் கரப்பானோடு வந்த 113 பேருக்கு, எது என்று தெரியாதபடி மறைத்து உணவு கொடுத்துப் பார்த்ததில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எதிர்விளைவு வந்தது. முட்டை, பால், நிலக்கடலை மூன்றும்தான் அதில் பெரும்பங்கு. லேசான கரப்பான், களிம்புக்கு அடங்கும் கரப்பான் என்றால் உணவைத் தேட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. களிம்பைச் சரியாகப் பூசியும் அடங்காத கரப்பான், சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்போ வாந்தியோ வந்த குழந்தை: இவர்களுக்குத்தான் இந்தத் தேடல்.

ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்புப் புரதத்தின் பட்டியல், முடியை வைத்துச் சோதிப்பது என்றெல்லாம் சில இடங்களில் விற்கிறார்கள். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அவை உதவாது. அந்தப் பணத்துக்கு நல்ல மாய்ஸ்சரைசர் வாங்கலாம்.

“தினமும் எழுது. சாப்பாடு மட்டும் இல்லை.”

நிறுத்திய உணவுகள் திரும்பத் தட்டுக்கு வரத் தொடங்கிய பிறகு அவள் எழுதிய ஒரு நாள் இப்படி இருக்கிறது: ‘காலை இட்லி. 11 மணிக்கு அங்கன்வாடியில் பால். மத்தியானம் பருப்பு சாதம். சாயங்காலம் ரஸ்க். ராத்திரி ராகிக் களி, கீரை. இரண்டு தடவை எழுந்து சொறிந்தாள். தண்ணீர் வரவில்லை, போர்வெல் தண்ணியில் குளியல். புது ஸ்வெட்டர்.’ இதில் சாப்பாடு பாதி. மீதிப் பாதியும் அதே அளவு முக்கியம். ஆயுத பூஜைக்கு வீட்டை ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்த வாரத்தில் சொறிதல் ஏறியிருக்கிறது. அந்த வாரம் சாப்பாட்டில் புதிதாக எதுவுமே இல்லை. நோட்டு இல்லையென்றால் அன்று சாப்பிட்ட எதன்மேலாவது பழி விழுந்திருக்கும்.

நேரத்தையும் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உடனடி ஒவ்வாமை சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும்: உதடு வீக்கம், தடிப்பு, வாந்தி. கரப்பான் கிளம்புவது மெதுவாக. சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாள்வரை ஆகலாம். இன்று காலை சிவந்ததற்கு நேற்று மத்தியானச் சாப்பாடு காரணமாக இருக்கக்கூடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடினத் தண்ணீர் இருக்கும் ஊர்களில் கைக்குழந்தைகளுக்குக் கரப்பான் கூடுதல் என்று ஆய்வுகள் உண்டு. அதற்காகத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வாங்கிவைத்தால் தீருமா என்று இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவு, பலன் இல்லை என்பது. கடன் வாங்கி மெஷின் மாட்ட வேண்டாம்.

“ஒரு சமயத்தில் ஒன்று. முட்டை முதல்.”

ஒன்று என்றது, இரண்டை நிறுத்திக் குணம் தெரிந்தால் எதனால் என்று சொல்ல முடியாது என்பதால். வீட்டில் இருந்த ஐந்து பேரையும் வெளியே அனுப்பிவிட்டுத் திருடன் யார் என்று கேட்பதுபோல ஆகிவிடும். நிறுத்திப் பார்க்கும் முறையை 1920களில் பிரபலமாக்கிய கலிபோர்னியா மருத்துவர் ஆல்பர்ட் ரோ, பல உணவுகளை ஒருசேர நீக்கித்தான் தொடங்கினார். வளர்ந்தவர்களுக்கு அது சரிப்படலாம். எடை கூட வேண்டிய இரண்டு வயதுக் குழந்தைக்கு அது பெரிய சுமை.

முட்டை முதல் என்றது ஏன்? சிறு குழந்தைகளின் கரப்பானோடு அதிகம் சேர்ந்து வருவது அதுதான். சாட்சியமும் அங்கேதான் கொஞ்சமாவது உண்டு. காக்ரன் என்ற அமைப்பு 2008இல் 9 ஆய்வுகளை, மொத்தம் 421 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கரப்பான் இருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் பாலையும் முட்டையையும் நிறுத்துவதால் பலன் தெரியவில்லை. முட்டை ஒவ்வாமை சந்தேகமும் ஐஜிஈயும் இரண்டும் உள்ள கைக்குழந்தைகளுக்கு முட்டையை நிறுத்துவது உதவலாம் என்று தெரிந்தது.

மாமியாருக்கு இதில் வருத்தம். “கத்திரிக்கா குடுக்காதேன்னு அன்னைக்கே சொன்னேன், யார் கேட்டீங்க?” என்றார். “இல்லத்தே, அதையும் எழுதித்தான் வெச்சிருக்கேன்” என்று நோட்டைக் காட்டினாள் மருமகள். கத்திரிக்காய், கருவாடு, சோளம், கம்பு இவையெல்லாம் கரப்பான் பண்டம் என்பது வட ஆற்காட்டிலிருந்து மில் வேலைக்கு இங்கே வந்த குடும்பங்கள் கூடவே கொண்டுவந்த பட்டியல். அதை நான் ஒதுக்க மாட்டேன். மைசூரில் 741 பேரிடம் கத்திரிக்காயைப் பற்றி மட்டுமே ஓர் ஆய்வு நடந்து 2008இல் வெளிவந்திருக்கிறது. நூற்றுக்கு ஒன்பது பேர் அளவுக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாத அறிகுறி தெரிந்தது. ஐஜிஈ வழிப்பட்ட உண்மையான ஒவ்வாமை நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கத்திரிக்காயில் ஹிஸ்டமின் இருப்பதால் ஒவ்வாமை இல்லாமலே வாய் அரிக்கலாம். பெரியவர்கள் கவனித்தது பொய்யில்லை. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் எல்லாப் பண்டமும் ஆகாது என்று வைத்துவிட்டால் தட்டில் என்ன மிஞ்சும்? பாட்டி சொன்னதும் தன் முறை வரும்போது சோதனைக்கு வரட்டும்.

“முட்டை என்றால் பன், கேக், ரஸ்க்கும்.”

பாதி நிறுத்தினால் பதிலும் பாதிதான். பன்னின் மேலே பளபளப்புக்காக முட்டை தடவுவார்கள். அய்யங்கார் பேக்கரிகள் முட்டை சேர்க்காத கேக்குக்குப் பேர்போனவை. ஆனாலும் கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. பாக்கெட்டில் வருவது என்றால் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, சோயா, மீன் முதலியவற்றை லேபிளில் தெரிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிமுறை சொல்கிறது. பேக்கரியில் காகிதத்தில் சுற்றித் தருவதில் லேபிள் இருக்காது. அங்கன்வாடி டீச்சரிடமும் சொல்லிவைக்க வேண்டும். மாநில அரசின் க்ஷீர பாக்ய திட்டம் 2013இல் தொடங்கியதிலிருந்து அங்கே பால் உண்டு, முட்டையும் கொடுக்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையானால், தாய் தன் சாப்பாட்டில் எதை நிறுத்துவது என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

“நாலு வாரம். கேட்காமல் நீட்டக் கூடாது.”

உணவுதான் காரணம் என்றால் நாலு வாரத்துக்குள் தோலில் மாறுதல் தெரிந்துவிட வேண்டும். தெரியவில்லையென்றால் அந்த உணவு குற்றவாளி இல்லை; அன்றே திரும்பத் தட்டுக்கு வரலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். தெரிந்தாலும் அவசரப்படக் கூடாது. கரப்பான் தானாகவே ஏறி இறங்கும் நோய். 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 10 ஆய்வுகளை, 599 பேரைக் கணக்கெடுத்தது. உணவு நீக்கியவர்களில் நூற்றுக்கு 50 பேருக்குக் குறிப்பிடத்தக்க குணம். நீக்காதவர்களிலும் 41 பேருக்கு அதே குணம். பத்தியம் இருந்து குணமான ஐம்பது குடும்பங்களும் பத்தியத்தால்தான் என்று சத்தியம் செய்வார்கள். அவர்களில் உணவால் தேறியது ஒன்பது பேர்தான்.

நீட்டக் கூடாது என்பதற்கு இன்னும் கனமான காரணம் உண்டு. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது, ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. அதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்தினால், உடம்புக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகலாம். கரப்பானுக்கு உணவு காரணம் என்று சிகிச்சை பெற்ற 298 குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள். முன்பு உடனடி எதிர்விளைவே வந்திராத குழந்தைகளில் நூற்றுக்கு 19 பேருக்கு, உணவை நிறுத்திய பிறகு அது புதிதாக வந்தது. சிலருக்கு உயிருக்கு ஆபத்தான அளவில். மறுபக்கம், லாக் குழுவினரின் லீப் ஆய்வு 2015இல் வந்தது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகள். நிலக்கடலையைச் சீக்கிரமே சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நிறுத்திவைப்பது பத்திரமான காரியம் அல்ல.

“திரும்பக் கொடுத்தால்தான் பதில். தனியாக வேண்டாம்.”

நிறுத்திக் குணம் கண்டது பாதிச் சோதனை. திரும்பக் கொடுக்கும்போது கரப்பான் திரும்ப வந்தால்தான் நிரூபணம். பல வீடுகளில் இந்தப் பாதியைச் செய்யவே மாட்டார்கள். நன்றாக இருக்கும்போது ஏன் கிளற வேண்டும் என்பார்கள். அந்த ஒரு எண்ணத்தால் எத்தனை குழந்தைகள் வருஷக்கணக்கில் காரணமில்லாமல் பால் இல்லாமல் வளர்கிறார்கள்!

தனியாக வேண்டாம் என்றது, நீண்ட நாள் நிறுத்தியிருந்தாலோ, ஐஜிஈ இருந்தாலோ, முன்பு உதடு வீங்கியிருந்தாலோ, அவசர வசதி உள்ள இடத்தில் மருத்துவர் கண்ணெதிரே கொடுக்க வேண்டும் என்பதற்காக. தடிப்போடு வாந்தி, இருமல், மூச்சிரைப்பு, துவண்டுபோவது இவற்றில் ஏதாவது வந்தால் அட்ரினலின் ஊசி போட வேண்டும். வீட்டில் நடந்தால் 108க்கு அழைக்க வேண்டும். வண்டி பிடிக்கலாமா, மெட்ரோவில் போகலாமா என்று யோசிக்க அது நேரம் இல்லை.

இந்தக் குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் வைத்து, நன்றாக வெந்த கேக் துண்டிலிருந்து தொடங்கினார்கள். கேக்கால் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒருநாள் ஆம்லெட். உடனே எதுவும் இல்லை. மறுநாள் சாயங்காலம் முழங்கை மடிப்பு இரண்டும் சிவந்தன. தோல் தெளிந்தபின் மறுபடி கொடுத்தபோதும் அதேதான். அடுமனைச் சூட்டில் மாவோடு சேர்ந்து வெகுநேரம் வெந்த முட்டையின் புரதம் உருமாறிவிடுவதால், கேக்கைத் தாங்குகிற குழந்தை ஆம்லெட்டைத் தாங்காமல் இருப்பது சாதாரணம்.

“பால் நிறுத்தினால் பதிலுக்கு என்ன?”

முட்டைக்குப் பிறகு பால் முறை வந்தது. அதற்கு முன் அவள் டாக்டரிடம் கேட்ட கேள்வி இது. ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு. பெங்களூர்த் தமிழ்க் குடும்பத்துக்கு ராகி புதிதில்லை என்பது பெரிய ஆறுதல். முளைகட்டி அரைத்தால் அதன் சத்து இன்னும் நன்றாக உடம்பில் சேரும். ஆனால் ராகி மட்டும் பாலின் இடத்தை நிரப்பாது. பருப்பு, மீன், எள், கீரை எல்லாம் சேர வேண்டும், தேவையானால் கால்சியம் சிரப். ஆட்டுப்பால் கொடுக்கலாமே என்று தெருவில் நாலு பேர் சொல்வார்கள். பசும்பாலுக்கு உண்மையான ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. தேங்காய்ப்பாலில் புரதம் மிகக் குறைவு. கடையில் வரும் அரிசிப் பானமும் அப்படித்தான். அமெரிக்காவிலேயே இப்படிப்பட்ட பத்தியங்களால் 12 குழந்தைகள் குவாஷியார்கர் என்ற கடும் புரதக் குறைவுக்கு ஆளானதை 2001இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நாலு வாரம் முடிந்ததும் பாலுக்கு விடை கிடைத்தது: அதனால் ஒன்றும் இல்லை. நந்தினி பால் பாக்கெட் மறுபடி வீட்டுக்கு வந்தது.

“தாயி கார்டில் எடை.”

தாயி கார்டு என்பது தாய்-சேய் அட்டை; அதில் மாதம் ஒருமுறை எடை. எடைக் கோடு கீழே சரிந்தால், பத்தியத்தைத் தொடரலாமா என்று உடனே மருத்துவரைப் பார்த்துக் கேட்க வேண்டும். இதற்கு மேல் உரை வேண்டாம்.

“வருஷம் கழித்து மறுபடி.”

முட்டை, பால் ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். அதனால் ஆம்லெட் ஆகாது என்ற முடிவும் நிரந்தரம் இல்லை. அதுவரை கேக், பிஸ்கட், நன்றாக வெந்த முட்டைப் பண்டம் எதையும் நிறுத்தாமல் அவ்வப்போது கொடுத்துவர வேண்டும். தாங்குகிற அளவு உள்ளே போய்க்கொண்டிருப்பது, முழுதாகத் தாங்கும் நாளைச் சீக்கிரம் கொண்டுவரலாம். லேப் பட்டியலில் இருந்த கோதுமை, நிலக்கடலை, துவரம்பருப்பு மூன்றும் ஒவ்வொன்றாகத் தட்டுக்குத் திரும்பிவிட்டன. கத்திரிக்காயை மாமியாரே எண்ணெய்க் கத்திரிக்காயாகச் செய்து, காரம் குறைத்து, முதல் வாய் ஊட்டினார். மறுநாளும் அதற்கு மறுநாளும் நோட்டில் ‘அரிப்பு இல்லை’ என்றிருக்கிறது. அடுத்த ஆம்லெட்டுக்கான தேதியை டாக்டரிடம் கேட்டு, தாயி கார்டின் அட்டையிலேயே எழுதிவைத்திருக்கிறாள். அதுவும் ஆஸ்பத்திரியில்தான், காலை வேளையில், குழந்தைக்குச் சளியோ காய்ச்சலோ இல்லாத நாளில்.